வறண்ட சருமத்திற்கு எந்தக் கிறீம் நல்லது? போத்தலின் பின்பக்கத்தை வாசிப்போம்

கார்த்திகை பிறந்துவிட்டால் இங்கிலாந்தில் எமது வீடுகளில் ஹீற்றிங் ஓயாமல் ஓடத் தொடங்கிவிடும். வெளியே குளிர்காற்று, உள்ளே உலர்ந்த சூடு. இவை இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு அவதிப்படுவது எமது தோல்தான். காலில் சாம்பல் பூசியது போன்ற வெண்மை, விரல் மடிப்புகளில் வெடிப்பு, படுக்கையில் தாங்க முடியாத கடி என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். எக்சிமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் நிலைமை இன்னும் கடினம். பிள்ளை இரவு முழுவதும் சொறிந்துகொண்டிருந்தால் தாய் தகப்பனுக்கும் தூக்கமில்லை, அடுத்த நாள் பிள்ளைக்குப் பாடத்தில் கவனமும் இல்லை.

சாதாரணமான தோல் வறட்சிக்குக் கிறீம் எழுதிக் கொடுப்பதைக் குறைக்குமாறு தேசிய சுகாதார சேவை 2018 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குடும்ப வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. எக்சிமா என்று கண்டறியப்பட்டவர்களுக்கு இப்போதும் எழுதிக் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் கடையில் வாங்க வேண்டியதுதான். கடைக்குப் போனால் இரண்டு பவுண் டப்பாவும் இருக்கிறது, நாற்பது பவுண் போத்தலும் இருக்கிறது. எதை வாங்குவது? முன்பக்கத்தில் உள்ள படத்தையும் வாசகத்தையும் நம்பி வாங்குவதை விட, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் பொருட்பட்டியலை வாசிக்கப் பழகுவது நல்லது. அதை எப்படி வாசிப்பது என்று இங்கு பார்ப்போம்.

தோல் ஏன் வறள்கிறது?

எமது தோலின் மேற்படையை ஒரு செங்கல் மதிலுக்கு ஒப்பிடுவார்கள். இறந்த தட்டையான கலங்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையில் உள்ள கொழுப்பு, சீமெந்துச் சாந்து. இந்தச் சாந்து செரமைட், கொலஸ்ரரோல், கொழுப்பமிலங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தது. சாந்து நன்றாக இருந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறாது, வெளியிலிருக்கும் சவர்க்காரமும் தூசியும் கிருமியும் உள்ளே நுழையா.

சுடுநீரில் நெடுநேரம் குளிப்பதும், நுரை பொங்கும் சவர்க்காரமும், உலர்ந்த காற்றும் இந்தச் சாந்தைக் கரைக்கின்றன. எக்சிமா உள்ளவர்களுக்குப் பிறப்பிலேயே மதில் சற்றுப் பலவீனமாக இருக்கலாம். மதிலில் வெடிப்பு விழுந்தால் நீர் ஆவியாகிப் போகிறது. வெளியிலுள்ளவை உள்ளே புகுந்து எரிச்சலூட்டுகின்றன. ஆகவே வறண்ட தோலும் எளிதில் எரியும் தோலும் பெரும்பாலும் ஒரே பிரச்சினையின் இரண்டு முகங்கள்.

கிறீம் செய்யும் மூன்று வேலைகள்

எந்த நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும், ஈரலிப்புத் தரும் கிறீமில் உள்ள முக்கியமான பொருட்கள் செய்யும் வேலைகள் மூன்றுதான்.

1. நீரை இழுத்துப் பிடிப்பது: கிளிசரின், யூரியா, லக்ரிக் அமிலம், ஹையலூரோனிக் அமிலம் போன்றவை.

2. மேலே மூடி நீர் ஆவியாகாமல் காப்பது: பெற்றோலியம் ஜெலி, திரவப் பரபின், டைமெதிக்கோன், லனோலின், தேன்மெழுகு போன்றவை.

3. செதில்களுக்கு இடையிலுள்ள வெளியை நிரப்பி மிருதுவாக்குவது: தாவர எண்ணெய்கள், ஷியா வெண்ணெய், செரமைட் போன்றவை.

ஒரு பொருளே இரண்டு வேலைகளைச் செய்வதும் உண்டு. நல்ல கிறீம் ஒன்றில் முதலிரண்டு வேலைகளுக்கும் ஆள் இருக்க வேண்டும். நீரை இழுப்பது மட்டும் இருந்து மூடுவது இல்லையென்றால், இழுத்த நீர் ஹீற்றிங் சூட்டில் மீண்டும் பறந்துவிடும்.

பொருட்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்

கிளிசரின்: மலிவானது, பழையது, நம்பகமானது. எரிச்சல் தருவது மிகக் குறைவு. பட்டியலில் இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் இது இருந்தால் நல்ல அறிகுறி.

யூரியா: இந்தப் பெயரைக் கேட்டதும் ஊரில் வயலுக்குப் போடும் பசளை நினைவுக்கு வரும். அதே பொருள்தான். ஆனால் எமது தோலிலும் அது இயற்கையாகவே இருக்கிறது, அங்கே நீரைப் பிடித்து வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. 5 முதல் 10 வீதம் வரை இருந்தால் ஈரலிப்புத் தரும். 20 வீதத்திற்கு மேல் போனால் தடித்த தோலை உரிக்கும். ஆகவே குதிக்கால் வெடிப்புக்கு விற்கும் 25 வீத யூரியாக் கிறீமை முகத்தில் பூசக் கூடாது. வெடித்த தோலிலும் சிறு பிள்ளைகளின் தோலிலும் யூரியா சுள்ளென்று எரியலாம்.

பெற்றோலியம் ஜெலி: ரொபேர்ட் செஸ்புரோ என்பவர் 1872 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வாசலின்தான் இது. மூடிக் காப்பதில் இதற்கு இணையானது இல்லை. தோலிலிருந்து நீர் வெளியேறுவதை 98 வீதம் வரை தடுக்க வல்லது என்று சொல்லப்படுகிறது. பெற்றோலியத்தில் இருந்து வருவதால் கெடுதல் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மருந்துத் தரத்திற்குச் சுத்திகரிக்கப்பட்ட ஜெலி தோலுக்குப் பாதுகாப்பானது, ஒவ்வாமையும் மிக அரிது. பிசுபிசுப்பும் உடுப்பில் ஒட்டுவதும்தான் இதன் குறைகள்.

செரமைட்: மதிலின் சாந்தில் உள்ள அதே வகைக் கொழுப்பு. கருத்து நல்லது, எரிச்சலும் இல்லை. ஆனால் இது உள்ளதென்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்துவிட்டு, பட்டியலின் கடைசியில் சொட்டளவு சேர்ப்பதும் உண்டு.

ஹையலூரோனிக் அமிலம்: நீரைப் பிடிக்கும். விலையைக் கூட்டும். சாதாரண வறட்சிக்குக் கிளிசரின் செய்யும் வேலைக்கு மேலாக இதை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

லனோலின்: செம்மறியாட்டு உரோமத்திலிருந்து எடுக்கப்படும் மெழுகு. நன்றாக மூடும். சிலருக்கு, குறிப்பாக எக்சிமா உள்ளவர்களுக்கு, ஒவ்வாமை தரலாம். விலங்கிலிருந்து வரும் பொருட்களைத் தவிர்ப்போர் இதையும் தேன்மெழுகையும் கவனிக்கவும்.

ஓட்ஸ்: மிக நுண்ணிய மாவாக அரைத்துச் சேர்க்கிறார்கள். கடியைத் தணிக்கும் தன்மை உண்டு. ஓட்ஸ் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மட்டும் வேண்டாம்.

விலை கூடினால் பலன் கூடுமா?

இக்கேள்விக்கு ஆய்வுகள் தெளிவான பதிலைத் தந்திருக்கின்றன. 2017 இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, எக்சிமாவுக்குப் பூசும் ஈரலிப்புக் கிறீம்கள் பற்றிய 77 ஆய்வுகளை ஒன்றாக எடுத்துப் பார்த்தது. இவற்றைப் பூசுவதால் பலன் உண்டு. ஆனால் ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்தது என்று சொல்ல நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்றில், எக்சிமா உள்ள 550 பிள்ளைகளுக்கு லோஷன், கிறீம், ஜெல், களிம்பு என்ற நான்கு வகைகளில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 16 வாரங்களின் பின்னர் நோய்க்குறிகளில் நான்குக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. இம்முடிவுகள் 2022 இல் வெளியாகின.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் எளிமையானது. பிள்ளை சிணுங்காமல் பூச விடுகிற, நாமும் கைக்கணக்குப் பார்க்காமல் அள்ளிப் பூசக்கூடிய விலையில் உள்ள கிறீமே சிறந்த கிறீம். நாற்பது பவுண் கிறீமைக் கடுகளவு தொட்டுப் பூசுவதை விட, ஐந்து பவுண் கிறீமைத் தாராளமாகப் பூசுவது பலன் தரும்.

அப்படியானால் பின்பக்கத்தை ஏன் வாசிக்க வேண்டும்? என்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிட, எது இருக்கக் கூடாது என்று பார்ப்பதற்கே அது அதிகம் உதவும்.

உணர்திறன் கூடிய தோலுக்கு வேண்டாதவை

வாசனை: முதலில் தவிர்க்க வேண்டியது இதுதான். பட்டியலில் "பர்ஃபம்" என்று இருக்கும். லிமொனீன், லினலூல், ஜெரானியோல், சிற்றால் போன்ற பெயர்களும் வாசனைப் பொருட்களே. தோலில் பூசி அப்படியே விடும் தயாரிப்பில் இவை 0.001 வீதத்தைத் தாண்டினால் பெயரை அச்சிட வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். லவண்டர், தேயிலை மர எண்ணெய் போன்ற இயற்கை வாசனைகளும் ஒவ்வாமை தரக்கூடியவையே. இயற்கையானது என்பதால் தோல் அதை மன்னித்துவிடாது.

சோடியம் லோரில் சல்பேற்: நுரைக்கும் பொருள். "அக்குவஸ் கிறீம்" என்ற பெயரில் இங்கு நீண்ட காலமாக மலிவாக விற்கப்பட்டு வந்த கிறீமிலும் இது சேர்க்கப்பட்டு வந்தது. 2010 இல் பாத் பல்கலைக்கழகத்தினர் ஆறு பேரில் செய்த சிறிய ஆய்வில், நான்கு வாரங்கள் அக்குவஸ் கிறீமைப் பூசியபின் தோலின் மேற்படை மெலிந்திருந்தது. இது சிலருக்கு, குறிப்பாக எக்சிமா உள்ள பிள்ளைகளுக்கு, எரிச்சல் தரலாம் என்று பிரித்தானிய மருந்து ஒழுங்காற்று முகாமை 2013 இல் அறிவித்தது. எவரிடமாவது பழைய டப்பா இருந்தால் பட்டியலைப் பாருங்கள்.

மெதில் ஐசோதயசொலினோன்: கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கும் பொருள். ஏராளமானோருக்கு ஒவ்வாமை ஏற்படுத்தியதால், தோலில் பூசி விடும் தயாரிப்புகளில் இதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017 இல் தடை செய்தது. ஊரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வரும் கிறீமில் இப்பெயர் இருக்கிறதா என்று பார்க்கவும். இதற்கு மாறாக, பலரும் பயப்படும் பரபென்கள் ஒவ்வாமை தருவது மிகக் குறைவு. அமெரிக்காவின் தொடுகை ஒவ்வாமை வைத்தியர் சங்கம் 2019 இல் பரபென்களை "ஒவ்வாமை தராத பொருள்" என்றே அறிவித்தது. "பரபென் இல்லை" என்று முன்பக்கத்தில் எழுதியிருப்பதால் மட்டும் ஒரு கிறீம் நல்லதாகிவிடாது.

அல்கஹோல்: "அல்கஹோல் டினற்" என்பது தோலை உலர்த்தும். ஆனால் செற்றில் அல்கஹோல், செற்றியறில் அல்கஹோல் ஆகியவை பெயரில் மட்டுமே அல்கஹோல். உண்மையில் அவை மெழுகு போன்ற கொழுப்புகள், தோலை மிருதுவாக்குபவை. வெகு சிலருக்கே அவை ஒத்துக்கொள்வதில்லை.

பட்டியலை வாசிக்கும் முறை

பொருட்கள் அளவின்படி இறங்குவரிசையில் எழுதப்படும். முதலில் இருப்பது கூடிய அளவு. ஒரு வீதத்திற்குக் குறைந்தவற்றை மட்டும் எந்த ஒழுங்கிலும் எழுதலாம். "அக்குவா" என்றால் தண்ணீர்.

இரண்டு போத்தல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில், அக்குவா, கிளிசரின், பெற்றோலாற்றம், செற்றியறில் அல்கஹோல், டைமெதிக்கோன், பின்னர் ஒன்றிரண்டு கிருமித் தடுப்பான்கள். இரண்டாவதில், அக்குவா, ஒலிவ் எண்ணெய், அல்கஹோல் டினற், ஷியா வெண்ணெய், பர்ஃபம், லிமொனீன், லினலூல், கடைசியில் செரமைட். முதலாவதன் முகப்பில் அழகில்லை. இரண்டாவதில் பூவும் இலையும் தங்க எழுத்தும் இருக்கின்றன. எரியும் தோல் உள்ளவர் எடுக்க வேண்டியது முதலாவதை.

"ஹைப்போ அலர்ஜெனிக்" என்ற சொல், ஒவ்வாமையே வராது என்பதற்கு உத்தரவாதம் அல்ல. "தோல் வைத்தியரால் பரிசோதிக்கப்பட்டது" என்றால் பரிசோதித்தார்கள் என்று மட்டுமே பொருள். "மணமற்றது" என்பதும் "வாசனை சேர்க்கப்படாதது" என்பதும் ஒன்றல்ல. முன்னையதில் மற்ற மணத்தை மறைக்க ஒரு வாசனையைச் சேர்த்திருக்கலாம்.

எமது வீட்டு எண்ணெய்களும் மாவும்

தேங்காயெண்ணெய் பூசலாமா என்று கேட்காதவர் எம்மவரில் இல்லை. பிலிப்பைன்ஸில் 2004 இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், வறண்ட தோலுக்கு அது கனிம எண்ணெய்க்குச் சமமாகப் பயன்பட்டது. 2014 இல் எக்சிமா உள்ள பிள்ளைகளில் செய்த ஆய்விலும் நல்ல பலன் தெரிந்தது. ஆகவே சுத்தமான தேங்காயெண்ணெய் ஒத்துக்கொள்பவர்கள் பூசலாம். ஆனால் அதில் நீரை இழுக்கும் பொருள் இல்லை. குளித்து ஈரம் காயுமுன் பூசினால்தான் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும். தலைக்குப் பூசும் வாசனைத் தேங்காயெண்ணெய் இதற்குப் பொருந்தாது.

ஒலிவ் எண்ணெய் பற்றி எச்சரிக்கை தேவை. 2013 இல் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், அது தோலின் காப்புப் படையைப் பலவீனப்படுத்தியது தெரியவந்தது. சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யவில்லை. ஆனால் மான்செஸ்டரில் பிறந்த குழந்தைகளில் நடத்தி 2016 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு எண்ணெய்களுமே குழந்தைத் தோலின் கொழுப்புப் படை சீராக அமைவதைப் பாதித்தன. நல்ல தோலோடு பிறந்த குழந்தைக்கு எக்சிமா வராமல் தடுக்க நாளும் கிறீம் பூசுவதும் பயன் தரவில்லை என்று 2020 இல் வெளியான பெரிய பிரித்தானிய ஆய்வு காட்டியது. நல்ல தோலுக்கு மருந்து வேண்டாம்.

பயற்றம் மா, கடலை மா தேய்த்துக் குளிப்பாட்டுவது எமது வழக்கம். நல்ல தோலுக்கு அது குறையில்லை. வெடித்துச் சிவந்த தோலில் மாவைத் தேய்த்தால் உராய்வு புண்ணைக் கூட்டும். அதோடு இன்னொன்றும் உண்டு. அழற்சியுள்ள தோலில் நிலக்கடலை எண்ணெய் கலந்த கிறீம் பூசப்பட்ட பிள்ளைகளில் நிலக்கடலை ஒவ்வாமை கூடுதலாக இருந்ததை 2003 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு கண்டது. ஆகவே உணவுப் பொருட்களை உடைந்த தோலில் பூசாதிருப்பது நல்லது. எள் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு நல்லெண்ணெய் கூடவே கூடாது.

எமது தோல் நிறத்தில் எப்படித் தெரியும்?

எக்சிமா என்றால் சிவந்த தோல் என்றுதான் பல புத்தகங்களில் படம் போட்டிருக்கும். எமது தோலில் அது சிவப்பாகத் தெரியாமல் கடும் மண்ணிறமாகவோ, ஊதாவாகவோ, சாம்பல் நிறமாகவோ தெரியலாம். சிறு சிறு பருக்களாகவும் வரலாம். இதனால் நோயின் கடுமை குறைத்து மதிப்பிடப்பட இடமுண்டு. வைத்தியரிடம் போகும்போது நிறத்தை மட்டும் காட்டாமல், எவ்வளவு கடிக்கிறது, இரவில் எத்தனை தரம் எழும்புகிறது என்பதையும் சொல்லுங்கள். ஆறிய பின்னர் கறுப்பு அல்லது வெளிறிய அடையாளம் சில மாதங்கள் நிற்கலாம். அது மங்கும். அதைப் போக்குவதற்கென்று பெயர் தெரியாத வெண்மைக் கிறீம்களை வாங்க வேண்டாம். பொருட்பட்டியல் இல்லாத கிறீம் எதுவும் வீட்டுக்குள் வரவே வேண்டாம்.

பூசும் முறை

• இளஞ்சூட்டு நீரில் குறைந்த நேரம் குளித்து, துவாயால் ஒற்றி எடுத்து, ஈரம் முற்றாகக் காயுமுன் பூசவும்.

• உரோமம் வளரும் திசையில் மெதுவாகத் தடவவும். தேய்க்க வேண்டாம்.

• எக்சிமா உள்ள பிள்ளைக்கு வாரத்திற்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படலாம் என்பது இங்குள்ள மருத்துவ வழிகாட்டல். பலரும் இதைவிடக் குறைவாகவே பூசுகிறார்கள்.

• டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுக்கவும்.

• புதிய கிறீமை முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிதளவு சில நாட்கள் பூசிப் பார்க்கவும்.

• வைத்தியர் தந்த ஸ்ரீரொயிட் களிம்புக்குப் பதிலாக இதைப் பூச முடியாது. இரண்டையும் சற்று இடைவெளி விட்டுப் பூசவும்.

நெருப்பு, கவனம்

பரபின் கலந்த கிறீம் துணியில் ஊறிக் காய்ந்தால், அந்தத் துணி வேகமாகத் தீப்பற்றும். பரபின் இல்லாத கிறீம்களுக்கும் இது பொருந்தும் என்று மருந்து ஒழுங்காற்று முகாமை 2018 மார்கழியில் அறிவித்தது. இந்நாட்டில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. துணியைத் தோய்த்தாலும் கிறீம் முற்றாகப் போகாது. எமது வீடுகளில் குத்துவிளக்கும் கற்பூரமும் காஸ் அடுப்பும் அன்றாடம் எரிகின்றன. கிறீம் பூசிய உடுப்போடு, குறிப்பாக முதியவர்கள், விளக்கேற்றவோ அடுப்படியில் நிற்கவோ வேண்டாம். படுக்கை விரிப்பையும் இரவு உடுப்பையும் அடிக்கடி மாற்றுங்கள். கிறீமை நிறுத்த வேண்டியதில்லை. நெருப்பிலிருந்து தள்ளி நின்றால் போதும்.

எப்போது வைத்தியரை நாடுவது?

தோலில் நீர் கசிந்தால், மஞ்சள் பொருக்குக் கட்டினால், காய்ச்சல் வந்தால், இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் குறையாவிட்டால் குடும்ப வைத்தியரிடம் போகவும். எக்சிமா உள்ள இடத்தில் வலியோடு சிறு கொப்புளங்கள் கூட்டமாகப் பரவினால் அன்றே மருத்துவ உதவி தேவை. உடனே 111 ஐ அழையுங்கள்.

அடுத்த முறை கடையில் ஒரு கிறீமைக் கையில் எடுத்தால் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். கிளிசரின் முன்னால் இருக்கிறதா, மூடிக் காக்கும் பொருள் ஒன்று இருக்கிறதா, வாசனை இல்லையா? இந்த மூன்றும் சரியென்றால், விலை குறைந்ததையே எடுங்கள். மிச்சக் காசுக்கு இன்னொரு போத்தல் வாங்கி, தாராளமாகப் பூசுங்கள்.